ஸ்பைக் பஸ்டரா, ஸ்டெபிலைசரா, யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா? வீட்டுச் சாதனங்களுக்கு எது காவல்

"நல்ல யுபிஎஸ் ஒன்று சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் அவர்கள் வீட்டில் நடப்பதைக் கேட்பேன். கரண்ட் அடிக்கடி போகிறதா? போகாமலே விளக்கு மங்கி மங்கி எரிகிறதா? இடி மின்னலுக்குப் பிறகு எதுவும் எரிந்ததா? பாதிப் பேருக்கு வேண்டியது யுபிஎஸ்ஸே இல்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக் கேட்கும் பழக்கம் எனக்கு ஒரு மாலையில் வந்தது. வீட்டு விளக்குகள் எல்லாம் திடீரென்று பளீரென்று எரிந்தன. மின்விசிறி இரைச்சலோடு சுழன்றது. நான் எழுந்து மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் ஸ்பைக் பஸ்டரிலிருந்து கருகல் வாடை வந்துவிட்டது. டிவி போனது, ரவுட்டர் போனது. யுபிஎஸ் தானே கருகி, அதில் மாட்டியிருந்த கணினியைக் காப்பாற்றியது. வெளியே நியூட்ரல் கம்பி, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. காசு போட்டு வாங்கி வைத்திருந்த காவல்கள் எல்லாம் வேறொரு எதிரிக்காகச் செய்யப்பட்டவை என்று அன்றைக்குப் புரிந்தது.

## முதலில் அளவுகோல்கள்

மின்சாரத்தில் வரும் கோளாறை நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

சர்ஜ். மின்னலாலோ, பெரிய மோட்டார்கள் நின்று ஓடுவதாலோ, மின்பாதையில் சுவிட்ச் போடுவதாலோ வரும் திடீர்த் தாவல். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம். ஆனால் மைக்ரோ நொடிக் கணக்கில் முடிந்துவிடும். நம் கண்ணுக்கு விளக்கில் எந்த மாற்றமும் தெரியாது.

நீடித்த ஹை வோல்டேஜ். நொடிகளுக்கோ நிமிடங்களுக்கோ நிற்பது. நியூட்ரல் அறுந்தால் வருவது இதுதான். மூன்று பேஸ் விநியோகத்தில் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அளவு வரலாம். எந்த பேஸில் லோடு குறைவோ, அந்த வீடுகளில்தான் வோல்டேஜ் அதிகம் ஏறும். 120 வோல்ட் இணைப்பு இருக்கும் இடங்களில் அது 240 நோக்கி ஏறும்.

லோ வோல்டேஜ். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு எமன். வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதிக கரண்டை இழுத்துச் சூடாகும். டிவி, லேப்டாப் போன்றவற்றுக்கு இது பெரிதாகத் தெரியாது. அவற்றின் பின்புறம் "100–240 வோல்ட்" என்று அச்சிட்டிருந்தால், அந்த எல்லைக்குள் எது வந்தாலும் தாங்கும்.

மின்தடை. கரண்ட் போவதால் சாதனம் கெடுவது குறைவு. சேமிக்காத வேலை போகும், இணையம் துண்டிக்கும். கெடுதல் பெரும்பாலும் கரண்ட் *திரும்பி வரும்* நிமிடத்தில்தான் நடக்கிறது. எல்லா வீடுகளிலும் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் கிளம்ப, வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் நிலைக்கும்.

ஒவ்வொரு வழியையும் இந்த நான்கின் மேல் வைத்துப் பார்ப்போம். கூடவே இரண்டு கேள்விகள்: வாங்கிய பிறகு தொடர்ந்து என்ன செலவு? அந்தக் காவல் செத்துவிட்டால் நமக்குத் தெரியுமா? இரண்டாவது கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எம்சிபி அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும். ஆர்சிசிபி மனிதர்களை ஷாக்கிலிருந்து காப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். இரண்டும் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை. ஆனால் சர்ஜையோ ஹை வோல்டேஜையோ இரண்டும் கண்டுகொள்வதில்லை.

## பிளக்கைப் பிடுங்கிவிடுவது

செலவு இல்லை, பலன் முழுமை. இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கியதற்கு நிகரான பாதுகாப்பை எந்தக் கருவியும் தராது. மின்னல் ஒன்றில் பல்லாயிரம் ஆம்பியர் பாய்கிறது. அவ்வளவு பெரிய மின்னல் அருகே விழுந்தால், மேசைக்கடியில் கிடக்கும் ஸ்பைக் பஸ்டரால் தடுக்க முடியாது.

சுவிட்சை அணைத்தால் போதாது. சாதாரண சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். பிளக் வெளியே வர வேண்டும். அதோடு கேபிள் டிவி வயர், டெலிபோன் வயர், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பி இணைய வயர் ஆகியவற்றையும் கழற்ற வேண்டும். கரண்ட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டு கேபிள் வயர் வழியாக டிவியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஆப்டிகல் ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அது சர்ஜைக் கடத்தாது.

குறை என்னவென்றால், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும். மின்னல் ஏற்கெனவே தலைக்கு மேல் வந்துவிட்டால் அப்போது போய் வயர்களைத் தொடாதீர்கள். மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.

## ஸ்பைக் பஸ்டர்

பலர் முதலில் வாங்குவது இதுதான், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உள்ளே எம்ஓவி என்ற துத்தநாக ஆக்சைடு வில்லை இருக்கும். சாதாரண வோல்டேஜில் அது சும்மா கிடக்கும். வோல்டேஜ் ஒரு எல்லையைத் தாண்டியதும் கரண்டைத் தன் வழியாக இழுத்து, சாதனத்துக்குப் போகும் வோல்டேஜை அடக்கும்.

சர்ஜ் ஒவ்வொன்றும் அந்த வில்லையைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ஒருநாள் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். அதன் பிறகும் சாக்கெட்டுகளில் கரண்ட் வரும், சுவிட்சில் சிவப்பு விளக்கு எரியும். காவல்காரன் போன பிறகும் வாசல் விளக்கு எரிவது போலத்தான். "பாதுகாப்பு உள்ளது" என்று காட்டத் தனி விளக்கு இருக்கும் மாடலைத் தேடி வாங்கச் சொல்வது இதனால்தான். எவ்வளவு ஆற்றலை உறிஞ்சும் என்று சொல்லும் ஜூல் அளவும் தடுக்கும் வோல்டேஜும் எங்கும் அச்சிடப்படாத பெட்டி, பெரும்பாலும் எம்ஓவி இல்லாத வெறும் எக்ஸ்டென்ஷன் போர்டாகவே இருக்கும்.

நீடித்த ஹை வோல்டேஜில் இது காவலாக இருக்காது, ஆபத்தாகவே மாறிவிடும். மைக்ரோ நொடிக்காகச் செய்த வில்லை நிமிடக்கணக்கில் கரண்டை இழுத்தால் சூடாகித் தீப்பிடிக்கலாம். என் வீட்டில் கருகியது அதுதான். உள்ளே தெர்மல் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துணி, காகிதம், கட்டிலுக்கடி, இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

எர்த் நன்றாக உள்ள வீட்டில் டிவி, கணினி, இசைக்கருவிகள் போன்றவற்றுக்குக் கடைசிக் கட்டக் காவலாக இது சரி. இதை மட்டும் நம்பி இருப்பது சரியில்லை.

## மெயின் போர்டில் எஸ்பிடி

இதுவும் சர்ஜைத் தடுப்பதுதான். ஆனால் வீட்டு வாசலிலேயே தடுக்கிறது. எம்சிபி போலவே டிபி பாக்ஸில் உட்காரும். இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, நேரடி மின்னலின் ஒரு பங்கு கரண்டைத் தாங்கும். இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு அது தேவை. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாம் வகை. மூன்றாம் வகை, சாதனத்தின் பக்கத்தில் வைப்பது. நல்ல ஸ்பைக் பஸ்டர் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது.

விலையுயர்ந்த எஸ்பிடியைக் கெடுக்க, அதை மாட்டுபவரின் சோம்பல் போதும். அதற்குப் போகும் கம்பியும் அதிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். 10,000 ஆம்பியர் சர்ஜ் பாயும்போது ஒவ்வொரு மீட்டர் கம்பியும் ஏறக்குறைய 1,000 வோல்ட்டைக் கூட்டிவிடும். கம்பியைச் சுருட்டி, வளைத்து, நீளமாக விட்டால் வாங்கியதே வீண். எலக்ட்ரீஷியன் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எர்த் இல்லாத வீட்டில் இதன் பயன் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் சர்ஜை அனுப்ப இடம் வேண்டும். எர்த்தைச் சோதிப்பதும் சரிசெய்வதும்தான் இங்கே மறைந்திருக்கும் செலவு. பாராட்ட ஒன்று உண்டு: இதன் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் உள்ளிருக்கும் வில்லையை மட்டும் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். செத்தால் சொல்லிவிட்டுச் சாகும் கருவி இது.

## வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. பலருக்கும் இது தெரியாது. என் வீட்டில் இது ஒன்று இருந்திருந்தால் அன்று எதுவும் எரிந்திருக்காது.

மெயின் எம்சிபிக்கு அடுத்தபடியாக மாட்டும் சிறு பெட்டி. வரும் வோல்டேஜை எண்ணில் காட்டிக்கொண்டே இருக்கும். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நாமே வைக்கலாம். 230 வோல்ட் வீட்டுக்கு மேலே 265, கீழே 175 என்பது போல வைத்தால், அந்த எல்லையை மீறியதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வீட்டைத் துண்டித்துவிடும். வோல்டேஜ் சீரானதும், நாம் வைத்த இடைவெளி கழிந்து தானே இணைக்கும்.

டிவி, ரவுட்டர், சார்ஜர் என எல்லாவற்றின் உள்ளேயும் மின்சாரத்தை டிசியாக மாற்றித் தேக்கும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அதைத் தாங்க 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டர் வைப்பார்கள். நியூட்ரல் போய் 400 வோல்ட் வந்தால் அதன் உச்சம் 565. கெப்பாசிட்டர் வெடிக்கிறது. இதற்கு ஸ்பைக் பஸ்டரிடம் பதில் இல்லை. அது சுமார் 700 வோல்ட்டில்தான் முழுதாக விழிக்கும். நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியை அடைப்பது இந்த ரிலே மட்டும்தான்.

திரும்ப இணைக்கும் இடைவெளியை 3 நிமிடம் வைத்தால் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் பெரிய உதவி. கம்ப்ரெஸர் நின்ற உடனே மறுபடி ஓடினால், உள்ளே அழுத்தம் இறங்காத நிலையில் திணறும். இந்த ஒரு அமைப்பு அதையும் பார்த்துக்கொள்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. மைக்ரோ நொடி சர்ஜுக்கு இது மெதுவானது. ஆகவே எஸ்பிடிக்கு மாற்று கிடையாது, இரண்டும் ஜோடி. கீழ் எல்லையை இறுக்கி வைத்தால் லோ வோல்டேஜ் உள்ள இடத்தில் வீடு அடிக்கடி இருட்டாகிவிடும். மொத்த வீட்டின் கரண்டும் இதன் வழியே போவதால், மெயின் லோடுக்குக் குறையாத ஆம்பியர் உள்ளதாக வாங்கி, கம்பிகள் சேரும் திருகுகளை நன்றாக இறுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடாகும்.

## ஸ்டெபிலைசர்

லோ வோல்டேஜுக்கான மருந்து. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் வெவ்வேறு முனைகளுக்கு ரிலே மாறி மாறி, குறைந்ததைக் கூட்டும், கூடியதைக் குறைக்கும். அந்த மாற்றத்துக்குச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். சர்ஜ் அதற்குள் வந்து போயே போய்விடும். ஆகவே ஸ்டெபிலைசர் சர்ஜுக்குக் காவல் என்று நினைக்க வேண்டாம். ஹை வோல்டேஜ் கட்-ஆஃபும் தாமத இணைப்பும் இருந்தால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் கூடுதல் காவல்.

கம்ப்ரெஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் 'இன்வெர்ட்டர்' வகை ஃபிரிட்ஜ், ஏசி பல, பரந்த வோல்டேஜ் எல்லையைத் தாமே தாங்குபவை. கையேட்டில் எழுதியிருக்கும் எல்லையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் வீட்டின் வோல்டேஜ் அந்த எல்லைக்குள்ளேயே நின்றால் ஸ்டெபிலைசர் வேண்டாம். எல்.இ.டி. டிவிக்குத் தனி ஸ்டெபிலைசர் வாங்குவது என் பார்வையில் தேவையில்லாத செலவு. நாள் முழுதும் சூடாகிக்கொண்டே சிறிது மின்சாரத்தையும் தின்னும்.

## யுபிஎஸ்

மூன்று வகை. ஆஃப்லைன்: கரண்ட் இருக்கும்வரை அப்படியே உள்ளே விட்டு, போனதும் 4 முதல் 10 மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறும். கணினியின் பவர் சப்ளை அவ்வளவு நேரம் சமாளித்துவிடும். லைன் இன்டராக்டிவ்: அதோடு சிறு ஸ்டெபிலைசரும் சேர்ந்தது. ஆன்லைன்: வரும் மின்சாரத்தை எப்போதும் டிசியாக்கித் திரும்ப ஏசியாக்கித் தருவது, மாறும் நேரம் என்பதே இல்லை. பதிலுக்கு அதன் விசிறி ஓயாமல் சத்தம் போடும், இரவும் பகலும் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாகப் போகும். சாதாரண வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் போதும் என்பது என் கருத்து.

பெட்டியின் மேல் 600 விஏ என்று இருப்பதைப் பார்த்து 600 வாட் என்று எண்ண வேண்டாம். சிறிய யுபிஎஸ்களில் அது பெரும்பாலும் 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இருந்தால், தேங்கியிருப்பது 84 வாட் மணி. கணக்குப்படி 100 வாட் கணினி 50 நிமிடம் ஓட வேண்டும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். வேகமாகக் கரண்டை உறிஞ்சினால் ஈய அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. ஆகவே யுபிஎஸ் என்பது வேலையைச் சேமித்து, ஒழுங்காக அணைப்பதற்கான அவகாசம்.

பேட்டரிதான் இதன் மறைந்த செலவு. 3 முதல் 5 ஆண்டு என்பது 25 டிகிரி அறைக்கான கணக்கு. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மூடிய அலமாரிக்குள் யுபிஎஸ்ஸை அடைத்து வைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதற்குச் சமம். இதுவும் சொல்லாமல் சாகும் கருவிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைச் சேமித்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். லேசர் பிரிண்டரை இதில் மாட்டாதீர்கள். அது சூடாக்க இழுக்கும் கரண்டைச் சிறு யுபிஎஸ் தாங்காது.

லேப்டாப் வைத்திருப்பவருக்கு உள்ளேயே ஒரு யுபிஎஸ் இருக்கிறது. அவருக்குத் தேவை ரவுட்டருக்கான மினி டிசி யுபிஎஸ் மட்டும்தான். ரவுட்டர் இழுப்பது 10 வாட் அளவு. 10,000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பேக் 37 வாட் மணி. 3 மணி நேரம் இணையம் தாக்குப்பிடிக்கும். வாங்குமுன் ரவுட்டருக்கு வேண்டியது 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு நிம்மதி தருவது வேறில்லை.

## வீட்டு இன்வெர்ட்டர்

மின்தடை மணிக்கணக்கில் நீளும் இடத்துக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி என்றால் 1,800 வாட் மணி. இழப்புகளைக் கழித்தால் 400 வாட் லோடை 2 முதல் 2½ மணி நேரம் ஓட்டும். லைன் கரண்ட் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் வகையை வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் மின்விசிறி முனகும், சில பவர் சப்ளைகள் ஒத்துழைக்காது.

பலரும் ஏமாறும் இடம் இதோ: கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் அதை அப்படியே உள்ளே விடுகிறது. சர்ஜும் அதனுடன் உள்ளே வருகிறது. "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, டிவிக்குப் பயமில்லை" என்பது சரியல்ல. கணினியும் அதில் ஓட வேண்டுமானால் யுபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம், கணினி அணைந்து எழும்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டமான இடம், சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப் பேட்டரி, சார்ஜில் வீணாகும் மின்சாரம் எல்லாம் செலவுதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கும்போது கை கடிக்கும். தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். தினமும் கரண்ட் போகும் வீட்டுக்கு அது லாபம். மாதம் ஒரு தடவை போகும் வீட்டுக்கு டியூபுலரே போதும்.

ஜெனரேட்டர் பற்றி இரண்டு வரி. நாள் முழுக்க கரண்ட் போகும் இடத்துக்கு மட்டும் யோசியுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் வீட்டுக்குள்ளோ ஜன்னல் அருகிலோ வைக்கக் கூடாது. லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைத்தால் வெளியே கம்பியில் வேலை செய்பவரின் உயிர் போகலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | சர்ஜ் | நீடித்த ஹை வோல்டேஜ் | லோ வோல்டேஜ் | மின்தடை | தொடர் செலவு |
|---|---|---|---|---|---|
| பிளக்கைப் பிடுங்குவது | முழுமை | முழுமை | முழுமை | இல்லை | நம் கவனம் |
| ஸ்பைக் பஸ்டர் | ஓரளவு | இல்லை, ஆபத்தும் உண்டு | இல்லை | இல்லை | சில ஆண்டுகளில் மாற்றுவது |
| எஸ்பிடி | நன்று | இல்லை | இல்லை | இல்லை | எர்த், மாற்று வில்லை |
| கட்-ஆஃப் ரிலே | இல்லை | மிக நன்று | துண்டிக்கும் | இல்லை | ஏறக்குறைய ஏதுமில்லை |
| ஸ்டெபிலைசர் | இல்லை | கட்-ஆஃப் இருந்தால் ஓரளவு | மிக நன்று | இல்லை | சிறிது மின்சாரம் |
| லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் | ஓரளவு | சாதனம் தப்பலாம், யுபிஎஸ் போகலாம் | நன்று | நிமிடங்கள் | பேட்டரி |
| இன்வெர்ட்டர் | இல்லை | ஓரளவு | ஓரளவு | மணிகள் | பேட்டரி, பராமரிப்பு |

## உங்கள் நிலைக்கு எது

சொந்த வீடு, காசு குறைவு என்றால் வரிசை இது: எர்த்தைச் சோதித்துச் சரிசெய்யுங்கள், கட்-ஆஃப் ரிலே மாட்டுங்கள், அப்புறம் எஸ்பிடி. இந்த மூன்றும் முடியாமல் யுபிஎஸ்ஸுக்கோ இன்வெர்ட்டருக்கோ போக வேண்டாம். கடையில் கண்ணைக் கவர்வது பேட்டரி உள்ள பெட்டிதான். வீட்டைக் காப்பது டிபி பாக்ஸுக்குள் மறைந்திருக்கும் இவைதான்.

கரண்ட் போவதே அரிது, ஆனால் விளக்கு மங்கி மங்கி எரிகிறது என்றால், ரிலேயின் திரையில் ஒரு வாரம் வோல்டேஜைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் எல்லைக்குக் கீழே போனால் அதற்கு மட்டும் ஸ்டெபிலைசர்.

மேசைக் கணினியில் வேலை என்றால் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ். லேப்டாப் என்றால் மினி டிசி யுபிஎஸ். வீட்டில் சுவாசக் கருவி போன்ற மருத்துவச் சாதனம் ஓடுகிறதென்றால் அதன் வாட்டை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்து, ஒன்றுக்கு இரண்டாக மாற்று ஏற்பாடு வையுங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாடகை வீட்டில் மெயின் போர்டைத் தொட முடியாதவர்களுக்கு, சாக்கெட்டில் மாட்டும் கட்-ஆஃப் கருவிகள் கிடைக்கின்றன. அதைச் சுவரில் முதலில் மாட்டி, அதன் பிறகு ஸ்பைக் பஸ்டரை மாட்டுங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒன்று, டிவியும் ரவுட்டரும் இருக்கும் மூலைக்கு ஒன்று. வீடு மாறும்போது பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால் மாட்டும் முன் அந்தச் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாவது துளை இருப்பதால் மட்டும் அதன் பின்னால் கம்பி இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.